அரண்மனை என்று எழுதாதீர்கள்

போன மாதம் எங்கள் பகுதிக் கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து என்னிடம் ஒரு வேலை கொடுத்தார்கள். சீசன் தொடங்குவதற்குள் நான்கு பக்கத்தில் ஒரு துண்டறிக்கை அச்சடிக்க வேண்டும். செட்டிநாட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இரண்டு பக்கம், இங்கே தொழில் தொடங்க நினைக்கிறவர்களுக்கு இரண்டு பக்கம். "நீங்கதான் தினம் வெளியூர்க்காரங்களைக் கூட்டிக்கிட்டுச் சுத்துறீங்க. நீங்களே எழுதிக் குடுத்துடுங்கக்கா" என்றார்கள். சம்பளம் கிடையாது. டீயும் வடையும் உண்டு.

எழுதிக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்துத் திருத்திய பிரதி திரும்பி வந்தபோது முதல் வரியே மாறியிருந்தது. 'அரண்மனைகளின் பூமி உங்களை அன்புடன் அழைக்கிறது!' கடைசியில் ஆச்சரியக்குறி வேறு. நான் எழுதியிருந்தது 'ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போங்கள்' என்று. அது எங்கே என்று தேடினால் மூன்றாம் பக்கத்தில், சிறிய எழுத்தில், ஒரு மசாலா விளம்பரத்துக்குக் கீழே கிடந்தது.

அரண்மனை என்கிற வார்த்தையோடு எனக்குப் பழைய சண்டை உண்டு. என் அம்மா முப்பது வருடம் ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே அங்கேதான் போவேன். இந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் இன்னொரு தெருவில். எங்களுக்குப் பின்தெரு. கிணற்றடி, அம்மி, ஆட்டுக்கல், விறகடுப்பு, அந்தப் புகைக்கு நடுவில் என் வீட்டுப்பாடம். அந்த வீட்டில் ஆச்சி ஒருவர் மட்டும்தான் குடியிருந்தார். முன்பக்கமெல்லாம் பூட்டியே கிடக்கும். முகப்பில் எத்தனை தேக்குத் தூண் என்று பதினான்கு வயது வரை எனக்குத் தெரியாது.

அந்த வருடம் ஒரு கல்யாணத்துக்காக வீட்டைத் திறந்து கழுவி விட்டார்கள். பின்கட்டில் நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் தற்செயலாக நிமிர்ந்தேன். இரண்டாம் கட்டு, நடு முற்றமான வளவு, பட்டாலை, முகப்பு என்று எல்லா நிலைக்கதவும் திறந்திருந்தது. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைத்த மாதிரி நேர்கோட்டில் வாசல்கள். கடைக்கோடியில் தீப்பெட்டி அளவுக்கு முன்தெரு. அதில் ஒரு சைக்கிள் போனது. இன்றைக்கும் யாரைக் கூட்டிப் போனாலும் காவல்காரரிடம் சொல்லிப் பின்வாசலைத் திறக்கச் சொல்லி, அங்கே நிறுத்தித்தான் முதலில் காட்டுவேன். முன்வாசல் வழியாகப் போனால் தூணையும் கண்ணாடியையும் பார்த்து வாய் பிளப்பதற்கே நேரம் சரியாக இருக்கும். வீடு எப்படி ஓடியது என்பது பின்னால் இருந்து பார்த்தால்தான் புரியும்.

அரண்மனை என்றால் ஒரு ராஜா, ஒரு சிம்மாசனம். இந்த வீடுகளில் வளவைச் சுற்றி வரிசையாக அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. அறை சின்னதுதான். சீர் வந்த பாத்திரமும் பெட்டகமும் வைத்தால் மிச்ச இடத்தில் இரண்டு பேர் படுக்கலாம். கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் மகனை 'வேறு வைத்து' விடுவார்கள். கூரை ஒன்று, அடுப்பு தனி. மளிகைக்குத் தனிக் கணக்கு. இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார், அதாவது செட்டியார், சமூகத்தில் கல்யாணமான ஆண் ஒரு 'புள்ளி'. கோயில் வரியே புள்ளிக் கணக்கில்தான். இதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால், அதுவரை சரவிளக்கைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் போனை இறக்கிவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள். ஒரே வீட்டில் நாலு அடுப்பா, மருமகள்களுக்குள் சண்டை வராதா, அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, யார் வீட்டில் சாப்பாடு?

அந்த வீட்டு ஆண்கள் பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்துச் சம்பாதித்தார்கள். தேக்கு பர்மாவிலிருந்து, பளிங்கு இத்தாலியிலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வந்தது. 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் அங்கிருந்தவர்கள் கிடைத்த வழியில் ஓடி வந்தார்கள். யுத்தம் முடிந்து போனாலும் அங்கே விட்டு வந்த நிலம் திரும்பவில்லை. அதற்கப்புறம் இந்த அளவில் வீடு கட்ட யாராலும் முடியவில்லை. கட்டிய வீடுகளை வைத்துப் பராமரிப்பதே இப்போது பெரும்பாடு. ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள், சென்னையில், சிங்கப்பூரில், அமெரிக்காவில். முன்னோருக்குச் செய்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து திறப்பார்கள். மற்ற நாளில் காவல்காரரும் புறாவும்தான்.

பங்காளிகளுக்குள் ஒத்துப்போகவில்லை என்றால் வீட்டைப் பிரித்து விற்றுவிடுகிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் அது வந்து சேரும். தூண், நிலை, எனாமல் பாத்திரம், ரவிவர்மா படம், ஊறுகாய் ஜாடி. வெளியூர்க்காரர்களுக்கு மிகவும் பிடித்த தெரு அதுதான். நானும் கூட்டிப் போகிறேன், கமிஷன் வாங்குவதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அங்கே ஒரு மர அஞ்சறைப் பெட்டியைப் பார்த்தேன். மூடியின் ஓரத்தில் தீய்ந்த தழும்பு. அம்மா அடுப்புப் பக்கம் வைத்துச் சுட்ட தழும்பு மாதிரியே இருந்தது. அதேதானா என்று சத்தியம் செய்யமாட்டேன். விலை கேட்டேன். நான் கொடுக்கிற விலையாக இல்லை.

சரி, துண்டறிக்கைக்கு வருகிறேன். 'ஒரு ராத்திரி தங்குங்கள்' என்பதில் நான் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தேன் என்று சொல்ல வேண்டும்.

மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ரோட்டில் இரண்டு மணி நேரத்துக்குள் இங்கே வந்துவிடலாம். அதுதான் எங்களுக்கு வரம், அதுவேதான் வினையும். மீனாட்சியம்மன் கோயிலையும் தஞ்சாவூர் பெரிய கோயிலையும் பார்க்கிற பயணத்தில் நாங்கள் நடுவில் வருகிற மதியச் சாப்பாடு. பதினோரு மணிக்கு வண்டி வரும். கானாடுகாத்தானில் செட்டிநாட்டு அரசர் வீட்டின் வாசலில் ஒரு படம். காரைக்குடியில் ஆயிரம் ஜன்னல் வீட்டுக்கு எதிரே ரோட்டில் நின்று இன்னொரு படம். ஆத்தங்குடிப் பெரிய வீட்டில் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள், அங்கே அரை மணி நேரம். அப்புறம் இலை போட்டுச் சாப்பாடு. மூன்று மணிக்கு வண்டி கிளம்பிவிடும். அன்றைக்கு ஊருக்குள் விழுந்த காசு எல்லாம் அந்த ஒரு சாப்பாட்டுக் கடைக்குத்தான். ஒரு ராத்திரி தங்கினால் காலைப் பலகாரம் செய்கிற பெண், கார் ஓட்டுகிறவர், தறிக்காரர், தரைக்கல் போடுகிறவர், ஓலைக்கூடையான கொட்டான் முடைகிற அக்கா, என்னையும் சேர்த்து ஆறேழு பேர் கைக்குப் போகும். இதற்குப் பெரிய பொருளாதாரம் படிக்க வேண்டாம். என் வீட்டு மாதச் செலவு நோட்டிலேயே தெரியும்.

தங்கினால் வேலை நடப்பதைப் பார்க்கலாம். பூட்டின வீட்டை எத்தனை நேரம் பார்ப்பது? கை அசைவதை எத்தனை நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஆத்தங்குடியில் தரைக்கல் போடுகிற கொட்டகை ஒன்றுக்கு நான் வாரம் இரண்டு தடவையாவது போகிறேன். நூறு தடவைக்கு மேல் பார்த்திருப்பேன், இன்னும் அலுக்கவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறவருக்கு முன்னால் ஒரு கண்ணாடித் துண்டு, கல் எந்த அளவோ அந்த அளவில். கண்ணாடியைத் துடைத்து, சுற்றிலும் இரும்புச் சட்டத்தை வைக்கிறார். சட்டத்துக்குள் பூ டிசைன் தகட்டு அச்சு. அச்சின் ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒரு நிறம், சிமெண்டும் மணலும் சாயப்பொடியும் கலந்த குழம்பு. தோசை மாவைவிடச் சற்று இளக்கம். சின்னக் கரண்டியால் மொண்டு மொண்டு விடுகிறார். பச்சை, காவி, மஞ்சள். ஒரு சொட்டு பக்கத்து அறைக்குள் தாவாது. பிறகு அச்சை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை அடக்கி, நேர் மேலே தூக்குகிறார். அந்த ஒரு நொடியில் எங்கள் கூட்டத்தில் யாரும் பேசமாட்டார்கள். நிறங்களுக்கு நடுவில் இருந்த தகடு போய்விட்டது. ஆனால் கோடு கலையவில்லை.

அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் கலந்த பொடியைத் தூவுகிறார். ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். அதற்கும் மேல் சாந்து. கரணையால் மட்டம் செய்து ஓரமாக வைக்கிறார். இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறும். எடுத்து வெயிலில் வைத்துக் கண்ணாடியைக் கழற்றினால் கண்ணாடி பட்ட முகம் பளபளவென்று இருக்கும். சூளை கிடையாது, பாலிஷ் மெஷின் கிடையாது. அந்தப் பளபளப்பு கண்ணாடியிடம் வாங்கிக்கொண்டது. வீட்டில் பதித்த பிறகு கால் படப் பட இன்னும் ஏறும். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர் அந்தக் கொட்டகைக்காரரிடம் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கோபித்துக்கொண்டு காரில் போய்த் தூங்கிவிட்டார். கடைசியில் இன்ஜினியர் தானும் ஒரு கல் போட்டுப் பார்க்கிறேன் என்றார். அச்சைத் தூக்கும்போது கை லேசாகச் சாய்ந்தது. மஞ்சள் பச்சைக்குள் ஓடிவிட்டது. கொட்டகைக்காரர் சிரிக்கவில்லை. "எனக்கு ஒரு வருஷம் இப்படித்தான் ஓடுச்சு சார்" என்றார். அந்தக் கோணல் கல்லைக் காசு கொடுத்து வாங்கிக் கோவைக்கு எடுத்துப் போனார். பிறகு தன் வீட்டுப் பூஜையறைக்கும் இங்கேயே ஆர்டர் கொடுத்தார். எந்த விளம்பரம் அந்த ஆர்டரை வாங்கித் தந்திருக்கும்?

கண்டாங்கிச் சேலையும் அப்படித்தான். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பேப்பரில் எல்லாம் வந்தது. எங்கள் அம்மா சமையலுக்குக் கட்டுகிற சேலை அது. முரட்டுப் பருத்தி, கட்டமும் கோடும், அரக்கும் மஞ்சளும் கறுப்பும். கரை அகலம். துவைக்கத் துவைக்க உடம்போடு ஒட்டும். கடையில் அலமாரியில் பார்க்கிறவர்கள் 'கொஞ்சம் கனமா இருக்கே' என்று வைத்துவிடுவார்கள். தறிக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றவர்கள் வாங்காமல் போனது குறைவு. பனையோலைக் கொட்டானையும் நான் கடையில் காட்டுவதில்லை, முடைகிற அக்காவின் திண்ணையில்தான் காட்டுகிறேன்.

சாப்பாட்டைப் பற்றி எழுதினால் எனக்குக் கோபம் வரும், ஆனால் எழுதாமல் இருக்க முடியாது. ஊர் ஊராக ஓட்டல் பலகையில் 'செட்டிநாடு' என்று போட்டு, மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டி, கறுப்பாக ஒரு கோழியைக் கொடுக்கிறார்கள். வடநாட்டுக்காரர் ஒருவர் என்னிடம், "உங்கள் ஊரில் குழந்தைகள் என்ன சாப்பிடுவார்கள்?" என்று உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டார். அம்மா சமைத்த வீட்டில் வாரத்தில் பாதி நாள் காரமே இருக்காது. அரிசி களைந்த தண்ணீரில் வைக்கிற மண்டி, பால் பணியாரம், கும்மாயம், பர்மாவிலிருந்து வந்து இங்கே ஒட்டிக்கொண்ட கவுனி அரிசி. கறி வைத்தாலும் மிளகும் சோம்பும்தான் முன்னால் நிற்கும். கல்பாசி ஒரு சிட்டிகை. அதைக் கூடப் போட்டால் குழம்பு கசக்கும் என்று அம்மா கையைத் தட்டிவிடுவார்.

பிழைப்பு என்று பார்த்தால் கோழியைவிடப் பலகாரம்தான் பெரிய விஷயம். தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, அதிரசம். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பார்சல் போகாத நாளில்லை. இதை வீட்டிலேயே செய்து கொடுக்கிற பெண்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். துண்டறிக்கையில் தொழில் பக்கத்தில் முதலில் நான் எழுதியது இவர்களைத்தான். எண்ணெய் சிக்கு வாடை வராமல் கூடுதல் நாள் தாங்குகிற பேக்கிங் செய்துகொடுக்க ஒருவர் இங்கே கடை போட்டால் அவருக்கும் வியாபாரம், இவர்களுக்கும் வியாபாரம். திருத்தி வந்த பிரதியில் இதை எடுத்துவிட்டு 'பன்னாட்டு முதலீட்டாளர்களுக்கு பொன்னான வாய்ப்பு' என்று போட்டிருந்தார்கள். 'க்கு' பக்கத்தில் 'ப்' விட்டுப்போனதைக்கூட நான் மன்னித்துவிடுவேன்.

இன்னொரு சங்கடம், எல்லைக்கோடு. செட்டிநாடு என்பது எழுபத்துச் சொச்சம் ஊர். பெரும்பகுதி சிவகங்கை மாவட்டத்தில், மிச்சம் புதுக்கோட்டை மாவட்டத்தில். அந்த மாவட்டத்து வரைபடத்தில் இந்த ஊர் இருக்காது, இந்த மாவட்டத்து வரைபடத்தில் அந்த ஊர் இருக்காது. கானாடுகாத்தான் வரை வருகிறவர்களுக்கு அதே ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் திருமயம் கோட்டை என்று யாரும் சொல்வதில்லை. ஒரே பாறையில் பக்கத்துப் பக்கத்தில் குடைந்த சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும், மேலே ஏறினால் கோட்டைச் சுவரும் பழைய பீரங்கியும். கடைக்காரர்களிடம் இதைச் சொன்னபோது, "அது நம்ம மாவட்டம் இல்லையேக்கா" என்றார் ஒருவர். பெங்களூரிலிருந்து வருகிறவருக்கு எது எந்த மாவட்டம் என்று என்ன தெரியும்? அவர் பெட்ரோல் போடுவதும் டீ குடிப்பதும் இங்கேதான். திருமயத்தைச் சேர்த்தே தீருவேன் என்று நின்று சேர்த்துவிட்டேன்.

பிள்ளையார்பட்டியையும் குன்றக்குடியையும் நான் எழுதித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. கீழடியை மட்டும் ஒரு வரி சேர்த்தேன். 2023-இல் திறந்த அருங்காட்சியகம், அதையே செட்டிநாட்டு வீட்டு பாணியில் கட்டியிருக்கிறார்கள். இங்கே வீடுகளைப் பார்த்துவிட்டு மதுரைக்குத் திரும்பும் வழியில் அங்கே இறங்கினால், பானை ஓடுகளோடு தூணையும் முற்றத்தையும் அடையாளம் கண்டுபிடித்துவிட்டு எனக்கு மெசேஜ் அனுப்புகிறார்கள்.

எனக்குப் பிடித்த இடம் ஒன்றை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். 1977-இலிருந்து சரணாலயம். மழை பெய்து கண்மாய் நிறைந்தால் நவம்பருக்கு மேல் நாரையும் கொக்கும் வந்து கருவேல மரங்களில் கூடு கட்டும். அங்கே கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குஞ்சுகள் பயந்துவிடும் என்று தலைமுறையாக இப்படி. சின்னப் பிள்ளைகள்கூட மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். இதைக் கேட்டதும் எல்லோரும் உடனே போக வேண்டும் என்பார்கள். போய்க் கும்பலாக நின்று கத்தினால் வெடி வெடித்ததற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? கடைசியில் எழுதினேன். கூடவே, 'பறவை வரும் காலம், காலையில் ஆறரைக்குள், ஆறு பேருக்கு மேல் வேண்டாம், ஸ்பீக்கர் கூடவே கூடாது' என்றும் எழுதினேன். அந்த வரியை யாரும் வெட்டவில்லை. கடைக்காரர்களில் ஒருவருக்கு அந்த ஊரில் பெண் கொடுத்திருக்கிறார்கள்.

இனி தொழில் பக்கம். இந்த இரண்டு பக்கம்தான் எனக்குத் தலைவலி. 'எல்லா வளமும் நிறைந்த மண்' என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். நான் அதை எழுதவில்லை. இது வானம் பார்த்த பூமி. செம்பறாங்கல் தரை. ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி, வீட்டுக் கூரைத் தண்ணீரை முற்றத்தில் இறக்கிப் பிடித்துவைத்து வாழ்ந்தவர்கள் நாங்கள். காரைக்குடிக்குச் சம்பை ஊற்று இருக்கிறது, அந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு வேறு ஊர்த் தண்ணீர் தொண்டையில் இறங்காது. அதற்காகத் தண்ணீரைக் குடிக்கிற தொழிற்சாலையைக் கூப்பிட முடியுமா? "தண்ணீர் அதிகம் கேட்கும் தொழிலுக்கு இந்த இடம் ஏற்றதல்ல என்று தெளிவாகப் போடுவோம்" என்றேன். "துண்டறிக்கையில யாராவது குறையை எழுதுவாங்களா?" என்று சத்தம் வந்தது. வந்து போர் போட்டு, தண்ணி இல்லாமல் மூட்டை கட்டிக்கொண்டு போகிறவர், ஊர் ஊராகப் போய் நம்மைப் பற்றி என்ன துண்டறிக்கை விநியோகிப்பார் என்று திருப்பிக் கேட்டேன். அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. அந்த வரி இப்போதைக்கு இருக்கிறது.

இருப்பதைச் சொல்லலாம் இல்லையா? காரைக்குடியில் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது, உள்ளூரில் எல்லோருக்கும் அது 'சிக்ரி'. மத்திய மின் வேதியியல் ஆராய்ச்சி நிலையம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்கப்போய் இந்த ஊருக்கு வந்தது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறந்தார்கள். பேட்டரி, துருப்பிடிக்காமல் காப்பது, முலாம் பூசுவது எல்லாம் அவர்கள் வேலை. நான் அந்த ரோட்டில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டே இருந்தேன், உள்ளே என்ன செய்கிறார்கள் என்று யோசித்ததே இல்லை. பயணி ஒருவர், பேட்டரி கம்பெனியில் வேலை பார்க்கிறவர், அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு காரை நிறுத்தச் சொன்னார். கோயிலைப் பார்த்த மாதிரி கையைக் கூப்பினார். விளையாட்டுக்குத்தான், ஆனாலும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அவர்தான் இன்னொன்றும் சொன்னார். சிவகங்கைப் பக்கம் அரசு கனிம நிறுவனம் கிராஃபைட் வெட்டி எடுக்கிறதே, அதே கிராஃபைட்தான் லித்தியம் பேட்டரியில் ஒரு மின்முனையாகப் போகிறதாம். அப்படியே போட முடியாது, சுத்தப்படுத்திப் பக்குவம் செய்ய வேண்டும். பேட்டரி படித்தவர்கள் காரைக்குடியில், பேட்டரிக்கு வேண்டிய கரி சிவகங்கையில், நடுவில் ஒரு மணி நேர ரோடு. எனக்குத் தெரிந்த தொழில் சமையலும் ஊர் சுற்றிக் காட்டுவதும்தான். எனக்கே இது தோன்றும்போது தெரிந்தவர்களுக்குத் தோன்றாதா? துண்டறிக்கையில் இதை ஐந்து வரியில் எழுதினேன். எழுத்துப்பிழை கூட மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். படித்தார்களா என்றே சந்தேகம்.

இன்னொரு தொழில், கேட்டால் சிரிப்பீர்கள். முட்டைப் பூச்சு. பழைய வீட்டுச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று பளிங்கு மாதிரி இருக்கும். சுண்ணாம்பை ஊறவைத்து, அரைத்து, மணலும் கடுக்காய்த் தண்ணீரும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, பூச்சு மேல் பூச்சாகப் போட்டு, கடைசியில் கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பளபளப்பு. இதைச் செய்யத் தெரிந்த கொத்தனார்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்ற நினைத்தவர் நாலு மாதம் ஆளுக்குக் காத்திருந்தார். அதற்குள் பொறுமை போய் சிமெண்ட் அடித்துவிட்டார், அது முதல் மழையில் உப்பிக்கொண்டது. இளவட்டம் பத்துப் பேருக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுக்கிற இடம் ஒன்றைத் தொடங்க யாராவது பணம் போட்டால், அந்தப் பத்துப் பேரும் ஒரு நாள் சும்மா இருக்க மாட்டார்கள். பூட்டிக் கிடக்கிற வீடு எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எண்ணி முடிக்கவில்லை, பாதியில் விட்டுவிட்டேன்.

சினிமாக்காரர்களைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வார்கள். படப்பிடிப்பு நடக்கிற மாதம் லாட்ஜ் நிரம்பும், மெஸ் நிரம்பும், வாடகைக் கார் கிடைக்காது. நல்லதுதான். தரையில் ஆணி அடிக்காமல் போனால் இன்னும் நல்லது.

வெள்ளிக்கிழமை கடைசிக் கூட்டம் நடந்தது. அரண்மனை என்ற வார்த்தை வேண்டுமா வேண்டாமா என்று முக்கால் மணி நேரம். 'மாளிகை' என்றார் ஒருவர். 'பங்களா' என்றார் இன்னொருவர். இதுவரை வாயே திறக்காத பழைய சாமான் கடைப் பெரியவர், "நாம என்னைக்குடா அரமனைன்னு சொன்னோம்? பெரிய வீடுன்னுதானே சொல்லுவோம்" என்றார். அதோடு முடிந்தது. அட்டைப் படத்துக்கும் சண்டை வரும் என்று ஆத்தங்குடிக் கொட்டகையில் நான் போனில் எடுத்த படத்தைத் தயாராக வைத்திருந்தேன். அச்சைத் தூக்குகிற இரண்டு கை, நகக்கண்ணில் காவி, கீழே கலையாத பூ. அதற்குச் சண்டையே வரவில்லை. எனக்கே ஏமாற்றமாகிவிட்டது.

இன்றைக்கு ப்ரூஃப் வந்தது. கை அட்டையில் அழகாக விழுந்திருக்கிறது. 'பெரிய வீடுகளின் ஊர்' என்று மேலே, 'ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போங்கள்' என்று கீழே. உள்ளே ஆத்தங்குடியை 'ஆத்தன்குடி' என்று அடித்திருந்தார்கள், மூன்று இடத்திலும். சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பல்லவன் ரயிலில் ராத்திரி வந்து இறங்குகிற ஒரு சென்னைக் குடும்பத்துக்கு நாளைக் காலை எங்கள் வீட்டில் வெள்ளைப் பணியாரம். அம்மாவுக்கு எழுபத்தி நாலு வயது, அடுப்பு முன்னால் நிற்க முடிவதில்லை, அளவு மட்டும் அவர்தான். ஒரு உழக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். அது சரியாமல் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவுதான் உளுந்து. விடிகாலையில் ஊறப்போட இப்போதே அளந்து வைக்கிறார். நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விரல் நுனியால் இன்னும் ஒரு சிட்டிகை உளுந்தை உச்சியில் வைத்தார். இரண்டு பருப்பு உருண்டு தாம்பாளத்தில் விழுந்தது. "போதும்" என்றார்.